நாலு தேங்காய்

அத்தியாயம் 11

நாடு முழுக்கப் பெட்ரோல் விலை இறங்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தது. சுலோச்சனா மட்டும் இன்னும் ஒரு ரூபாய் ஏற வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

வெறும் வேண்டுதலோடு அவள் நிற்கவில்லை. விலை ஏறிய ஒவ்வொரு தடவையும் ஆலங்கரணை ஏரிக்கரைப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய். இதுவரை நாலு காய் உடைத்தாகிவிட்டது. ரேஷன் கடை வரிசையில் பெண்கள் விலையைத் திட்டும்போது அவளும் "ஆமா, ஒரே பேஜாரு" என்று தலையை ஆட்டுவாள். மனசுக்குள் பிள்ளையாரிடம், 'அவங்க சொல்றத காதுல வாங்காத' என்பாள்.

காரணம், மாட்டுக் கொட்டகையை ஒட்டி நீலத் தார்ப்பாய் போர்த்தி நின்ற பைக்.

அந்த வண்டி ஓடி இன்றோடு எழுபத்து மூன்று நாள். அவள் கணவர் முத்துவேல் குடித்தும் எழுபத்து மூன்று நாள்.

இரண்டுக்கும் நடுவே இருந்தது ஒன்பது கிலோமீட்டர். ஊர் எல்லையில் இருந்த மதுக்கடையை மூன்று வருஷத்துக்கு முன் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்து மூட வைத்தார்கள். கடை ஒன்பது கிலோமீட்டர் தள்ளிப் போனது. ஆண்களும் பைக் ஏறி ஒன்பது கிலோமீட்டர் தள்ளிப் போனார்கள். பெட்ரோல் நூறைத் தாண்டியதும் இரண்டு பேர் சேர்ந்து ஒரு வண்டியில் போனார்கள். பிறகு மூன்று பேர். இன்னும் ஏறியதும், இன்று யார் பெட்ரோல் போடுவது என்று பாலத்தடியில் சட்டையைக் கிழித்துக்கொண்டார்கள். அதற்கு மறுநாள்தான் முத்துவேல் வண்டிக்குத் தார்ப்பாய் போர்த்தினார்.

மகன் மோகன் வீட்டை விட்டுப் போனதும் அந்த வண்டியால்தான். இரண்டு வருஷத்துக்கு முன், அவனுக்குப் பெண் கொடுப்பவர்கள் வேனில் வந்து இறங்கிக்கொண்டிருந்த நேரம். தண்ணீர் டேங்க் திருப்பத்தில் முழுப் போதையில் வந்த முத்துவேல், வண்டியோடு அவர்கள் காலடியில் சாக்கடைக்குள் விழுந்தார். பெண் வீட்டார் காபிகூடக் குடிக்கவில்லை. "இந்த வண்டி இந்த வூட்ல கீற வரிக்கும் நான் இங்க வரமாட்டேன்" என்று அன்று சாயந்திரமே செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறியவன்தான் மோகன்.

'அண்ணா, அப்பா நிறுத்திட்டாரு' என்று தங்கை கீர்த்தி போன வாரம் அனுப்பிய செய்திக்கு அவன் பதில் ஒரே வரி: 'பெட்ரோல் எறங்கட்டும், பாக்கலாம்.'

அதைப் படித்ததிலிருந்து சுலோச்சனாவுக்குச் சோறு இறங்கவில்லை. மகனுக்கு இருந்த அதே சந்தேகம்தான் அவளுக்கும்.

*

சனிக்கிழமை காலை. கீர்த்தி நின்றபடியே நாலு இட்லியை விழுங்கிவிட்டு, பிளஸ் ஒன்னில் அரசாங்கம் கொடுத்த சைக்கிளை வாசலுக்குத் தள்ளினாள். உத்திரமேரூரில் ஓர் ஆன்லைன் சென்டரில் வேலை. எட்டு கிலோமீட்டர். முன்பெல்லாம் அப்பா வண்டியில் கொண்டுபோய் விடுவார். வாரத்தில் மூன்று நாள் தலைவலியோடு எழுந்து, தாமதமாகத்தான் விடுவார். சைக்கிள் மிதிக்க ஆரம்பித்த பிறகு ஒரு நாள்கூட அவள் முதலாளியிடம் பேச்சு வாங்கவில்லை.

"பின் டயர்ல காத்து வெச்சிகீறேன். பாத்துப் போ," என்றார் முத்துவேல்.

அவள் தெரு திரும்பியதும் எதிர்ப்பக்கத்திலிருந்து கொடி கட்டிய பைக் ஒன்று வந்து நின்றது. தினேஷ்குமார். கட்சியின் கிளையில் இளைஞர்களைத் திரட்டுவது அவன் பொறுப்பு.

"இன்னா மாமா, வண்டிக்கு சமாதியே கட்டிட்ட போல?"

"வாடா. குந்து."

"குந்தறதுக்கு நேரமில்ல. மத்தியானம் உத்திரமேரூர்ல பைக் பேரணி. மாவட்டம் வராரு. நம்ம கிளைல இருவது வண்டி காட்டணும். பத்தொம்போதுதான் தேறுது."

"பெட்ரோலுக்கு எங்கடா போறது?"

"அத்த நான் உன்ன கேட்டேனா?" தினேஷ்குமார் சட்டைப் பையிலிருந்து மூன்று சீட்டுகளை எடுத்தான். "வெள்ளைச் சீட்டு மூணு லிட்டர் பெட்ரோலு. மஞ்சள் பிரியாணி." மூன்றாவதாக ஒரு ரோஸ் சீட்டு. அதற்கு அவன் விளக்கம் சொல்லவில்லை. கட்டை விரலை மட்டும் வாய்ப்பக்கம் சாய்த்துக் காட்டினான்.

அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்த சுலோச்சனாவின் கை நின்றது. மூன்று லிட்டர். போக ஒன்பது, வர ஒன்பது. மனசு தானாகவே வகுத்தது. எட்டு தடவை போய் வரலாம்.

'வேணாம்னு சொல்லு, வேணாம்னு சொல்லு' என்று கத்தியைப் பிடித்தபடி காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

"பாக்கலாம்," என்றார் முத்துவேல்.

மகன் எழுதிய அதே வார்த்தை. சீட்டுகள் மூன்றும் ஜன்னல் கட்டையில் உட்கார்ந்தன.

அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏரிக்கரைக் கொல்லைக்குக் கிளம்பியதும், சுலோச்சனா முதல் வேலையாக ஆணியில் தொங்கிய வண்டிச் சாவியை எடுத்தாள். அரிசி டிரம்முக்குள் முழங்கை வரை கையை விட்டுப் புதைத்தாள். நிமிர்ந்தபோது வாசற்படியில் முத்துவேல் நின்றிருந்தார். துண்டை மறந்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார்.

வெறும் ஆணியைப் பார்த்தார். அவள் முழங்கையில் ஒட்டியிருந்த அரிசித் தவிட்டைப் பார்த்தார். துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

*

நடக்க ஆரம்பித்த பிறகுதான் முத்துவேலுக்குத் தன் நிலம் தெரிந்தது.

இரண்டு ஏக்கர், ஏரிப் பாசனம். பைக்கில் போன காலத்தில் வரப்போரம் நிறுத்தி ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்புவார். இப்போது எலி வளை எத்தனை, எந்த மடையில் புல் அடைத்திருக்கிறது, எல்லாம் விரல் நுனியில். போன மாதம் கால்வாயின் மூன்றாவது வளைவில் கரை அரித்துத் தண்ணீர் ஓடைக்குள் வீணாக இறங்குவதைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். பம்பு செட் மெக்கானிக் சாம்சனைக் கூட்டி வந்து, மணல் மூட்டை போட்டு அரை நாளில் அடைத்தார். கடைமடையில் இருந்த மூன்று வயல்களுக்கு அன்றே தண்ணீர் ஏறியது. பத்து வருஷமாக அந்த இடத்தை ஊரே மூன்றாவது கியரில் தாண்டிக்கொண்டிருந்தது.

இன்று அவர் கண்ணில் எதுவும் படவில்லை. வெறும் ஆணிதான் முன்னால் நின்றது.

ஏரிக்கரைப் பிள்ளையார் கோயிலில் பூசாரி பெருக்கிக்கொண்டிருந்தார். பெயர் சின்னப்பையன். வயது எழுபத்தொன்று.

"இன்னா நைனா, இந்த வாரம் பெட்ரோலு ஏறலையா?" என்றார் முத்துவேலைப் பார்த்ததும்.

"ஏறல. உனுக்கு எதுக்கு அது? நீ இன்னா ஏரோப்ளேன் வெச்சிகீறியா?"

"ஏறினாத்தான எனுக்குக் காய் வரும். பத்து நாளா சட்னிக்குக் கஷ்டமா கீது."

"இன்னா காய்?"

"உன் சம்சாரம் ஒடைக்கிற காய்தான். ரேட்டு ஏறிச்சின்னா மறுநாள் வெள்ளென வந்துடும். நாலு ஒடச்சிட்ச்சி. ஊரே எறங்கணும்னு கேக்குது, இது மட்டும் ஏத்து ஏத்துன்னு கேக்குது. அவருக்கே தும்பிக்கை எந்தப் பக்கம்னு புரியாம கீறாரு. நீ பெட்ரோல் பங்க்கு வெக்கப் போறியோன்னுகூட நெனச்சேன்."

முத்துவேல் சிரித்துவிட்டார். பாதிச் சிரிப்பில் ஏதோ தட்டியது. நாலு காய். வெறும் ஆணி. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தபோது சிரிப்பு முகத்திலேயே நின்றுபோனது.

மண்வெட்டியைத் திருப்பித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

*

காலைக் கழுவினார். சோற்றுக்கு உட்காரவில்லை.

"எத்தினி காய் ஒடச்ச?"

சுலோச்சனாவுக்கு யார் சொன்னது என்று கேட்கவேண்டிய அவசியம் இல்லை. "நாலு," என்றாள்.

"நாலும் பெட்ரோலுக்கு."

அவள் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எனுக்குன்னு ஒண்ணுகூட இல்ல?"

அவர் சத்தம் போட்டிருந்தால் அவளும் சத்தம் போட்டிருப்பாள். இருபத்தாறு வருஷத்தில் அவர் போட்ட சத்தத்துக்கு எல்லாம் அவளிடம் பதில் இருந்தது. இப்படிக் கேட்டால் எதை எடுத்துச் சொல்வது?

"நான் இன்னா பண்ணட்டும்?" என்றாள். "எத்தினி தபா நிறுத்தினீங்க? கீர்த்தி பொறந்தப்ப ஒரு தபா. உங்க அப்பா செத்தப்ப ஒரு தபா. மலைக்கு மாலை போட்டு நாப்பத்தெட்டு நாள் சாமியாட்டம் கீறீங்க. மாலைய கழட்டின அன்னிக்கே…" மூச்சு வாங்கினாள். "மாலைய என்னிக்குக் கழட்டுவீங்கன்னு எனுக்குத் தெரியும். பெட்ரோலு என்னிக்கு எறங்கும்னு எவனுக்கும் தெரியாது. அதான் அத்த நம்பினேன்."

முத்துவேல் ஜன்னல் கட்டையைப் பார்த்தார். மூன்று சீட்டும் அங்கேயே இருந்தன.

"சாவிய எடு."

"வேணாங்க."

"எடு சுலோ. இது உனுக்காக இல்ல. கைல பெட்ரோலு இருந்தா நான் இன்னா ஆவறேன்னு எனுக்கும் தெரியணும்."

அரிசி டிரம்முக்குள் கை விட்டுத் துழாவினாள். சாவியை எடுத்துக் கொடுத்தாள். வளையத்து இடுக்கில் ஓர் அரிசி சிக்கியிருந்தது.

அவர் தார்ப்பாயைத் தூக்கியதும் உள்ளேயிருந்து ஒரு கோழி சீறியது. இரண்டு சக்கரத்துக்கும் நடுவில், பழைய சாக்கின் மேல் அடைகாத்துக்கொண்டிருந்தது.

"அடிப்பாவி! என் வண்டிய பிரசவ ஆஸ்பத்திரியா ஆக்கிட்டியே," என்றார்.

கூடை எடுத்து வந்து வைக்கோல் பரப்பினார். முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கூடைக்கு மாற்றினார். கோழி அவர் மணிக்கட்டைக் கொத்திக்கொண்டே இருந்தது. அவர் கையை இழுக்கவில்லை. ஒன்பது முட்டை. ஒன்றோடு ஒன்று மோதிய சத்தம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

சுலோச்சனா தூணோரம் நின்று அந்தக் கையையே பார்த்தாள். எழுபத்து மூன்று நாளுக்கு முன் அது ஒரு தம்ளரை நேராகப் பிடிக்காது.

முத்துவேல் கூப்பிட்டு அனுப்பியதும் சாம்சன் தண்ணீர் பாட்டிலில் அரை லிட்டர் பெட்ரோலோடு வந்து சேர்ந்தான். பிளக்கைக் கழற்றித் துடைத்தான். எட்டாவது உதையில் வண்டி இருமியது. ஒன்பதாவதில் பிடித்துக்கொண்டது.

"அண்ணி, நானும் பின்னால குந்திகினு போறேன். எனுக்கும் சீட்டு குட்த்தாங்க," என்றான். வாழ்க்கையில் ஒரு சொட்டுத் தொடாதவன். ஞாயிற்றுக்கிழமை சபையில் கஞ்சிரா வாசிப்பவன்.

"தம்பி, பாத்துக்க," என்றாள் சுலோச்சனா மெதுவாக.

"ஜெபம் பண்ணிகினே போறேன் அண்ணி. எனுக்கும் அவரு ஓட்டுன ஞாபகம் கீது."

வண்டி தண்ணீர் டேங்க் திருப்பத்தில் மறைந்தது. கோழி கூடைக்குள் உட்கார இடம் பார்த்துக்கொண்டிருந்தது.

*

நாலு மணிக்குப் பால் கறந்தாள். அவள் கறந்த வேகத்தில் மாடுகூடத் திரும்பிப் பார்த்தது.

பால் சொசைட்டியில் ஆதிலட்சுமி காத்திருந்தாள். இரண்டாம் தெரு. யார் வீட்டில் என்ன குழம்பு என்பது வரை அவளுக்குத் தெரியும்.

"இன்னாக்கா, உங்க வூட்டு வண்டி கொடி கட்டிகினு பறந்துச்சே! அவ்ளோதான், இனிமே உங்க வூட்டுக்காரரையும் புடிக்க முடியாது."

காலையில் சுலோச்சனாவே தனக்குத் தானே சொல்லிக்கொண்ட வார்த்தை. அடுத்தவள் வாயில் கேட்டதும் சுருக்கென்றது.

"போனா இன்னா? வண்டின்னா ஓடத்தான் செய்யும்," என்றாள். "உங்க வூட்டுக்காரரு தள்ளிகினு போறாரா?"

பால் கேனை மூடிக்கொண்டு திரும்பி நடந்தாள். தன் வாயிலிருந்து வந்ததுதானா என்று அவளுக்கே ஆச்சரியம். அவருக்காக ஒருத்தியிடம் பேசி எத்தனை வருஷம் ஆயிற்று.

கீர்த்தி ஆறு மணிக்கு வந்தாள். சைக்கிளை நிறுத்தும்போதே தார்ப்பாய் மடித்துக் கிடப்பதைப் பார்த்தாள்.

"அப்பாவ பாத்தேம்மா. பஜார்ல, வண்டில கொடி கட்டிகினு. அத்தினி பேர்ல அவரு ஒருத்தர்தான் ஹெல்மெட் போட்டுகினு போனாரு. எங்க சென்டர்ல எல்லாரும் சிரிச்சாங்க, நான் எங்கப்பான்னு சொன்னேன்."

"எத்தினி மணிக்கு?"

"மூணு மூணரை இருக்கும். நாலு மணிக்கெல்லாம் கூட்டம் கலஞ்சிச்சி."

இப்போது ஆறு. உத்திரமேரூரிலிருந்து வர இருபது நிமிஷம். சுலோச்சனா தூணோரம் உட்கார்ந்தாள். காலையிலிருந்து நடந்ததை மகளிடம் சொன்னாள். சாவி, சீட்டு, நாலு தேங்காய், எல்லாவற்றையும்.

கீர்த்தி முதலில் சிரித்தாள். பிறகு கோபம் வந்தது.

"அதான் இன்னிக்கு மதகாண்ட அப்பா இல்ல."

"எந்த மதகாண்ட?"

"உனுக்குத் தெரியாதா? தெனமும் நான் வர நேரத்துக்கு ஏரிக்கரை மதகாண்ட வந்து நிப்பாரு. நான் எறங்கி சைக்கிள தள்ளிகினு வருவேன். ரெண்டு பேரும் பேசிகினே நடந்து வருவோம். அந்த நேரந்தான் வாய் வறண்டு கால் தானா எழுந்துக்குமாம். வூட்ல குந்தினா முடியாதுன்னு அங்க வந்து நின்னுடறாரு."

"கொல்லைலேந்து வரேன்னுதான என்கிட்ட சொல்வாரு?"

"நீ கேட்டா சொல்லியிருப்பாரு. நீதான் பெட்ரோல் பங்க்குக்காரன் மாதிரி ரேட்ட மட்டும் கேட்டுகினு இருந்தியே!"

சுலோச்சனா வாசல் பக்கம் திரும்பினாள். தெருமுனையைப் பார்த்தாள்.

அந்த வண்டிச் சத்தம் அவளுக்கு அத்துப்படி. எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்பதைச் சத்தத்திலேயே சொல்லிவிடுவாள். பாலத்தில் உறுமினால் பாதி. டேங்க் திருப்பத்தில் இழுத்து இழுத்து அணைந்தால் முழுசு.

ஆறே கால். பாலத்துப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது.

அவள் எழுந்து நின்றாள். பாலத்தில் ஏறியது. உறுமவில்லை. டேங்க் திருப்பம் வந்தது. வேகம் குறைந்தது. கியர் ஒன்று இறங்கியது. சின்னதாக ஒரு ஹாரன். திருப்பத்தில் ஹாரன் அடித்து அவள் என்றைக்குமே கேட்டதில்லை. நூல் பிடித்ததுபோல் வந்து வாசலில் நின்றது.

சாம்சன் பின்னாலிருந்து குதித்தான். இரண்டு கையிலும் பை. "அண்ணி, தட்டு எடுங்க. நாலு பொட்டலம் பிரியாணி!"

"ஏது நாலு?"

"அத்த ஏன் கேக்கறீங்க? பேரணி முட்ஞ்சதும் வண்டிய நேரா அந்தக் கடைக்கே வுட்டாரு."

கீர்த்தி அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"நான் பின்னால ஏசப்பா ஏசப்பான்னு வரேன், இவரு திரும்பியே பாக்கல. கடைக்கு எதிர்ல புளியமரம் கீது பாருங்க, அதுங்கீழ நிறுத்தினாரு. ஸ்டாண்ட் போட்டாரு. வண்டி மேலயே குந்திகினு கடைய பாத்துகினே கீறாரு. அஞ்சு நிமிஷம் இல்ல, பத்து நிமிஷம் இல்ல. ஒரு மணி நேரம்! மூஞ்செல்லாம் வேர்வை. கடைப் பையனே வெளில வந்து, 'இன்னாண்ணா வேணும்'னு கேட்டுட்டான். 'ஒண்ணும் வேணாம்பா, சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்'னாரு. அவன் இது இன்னா மியூசியமான்னு மொறச்சிட்டு உள்ள போய்ட்டான்."

"அப்பால?" என்றாள் கீர்த்தி.

"நம்ம செங்கேணி வந்தான், அண்ணனோட பழைய குடிக் கூட்டாளி. கைய புட்ச்சி இழுத்தான். 'பழைய முத்துவேலு எங்கடா போய்ட்டான்?'னான். இவரு ரோஸ் சீட்ட எடுத்து அவன் கைல வெச்சாரு. 'இத்த நீ வெச்சிக்க, உன் பிரியாணிய இங்க குடு'ன்னாரு. அவன் சந்தோஷமா குட்த்தான். என் ரோஸ் சீட்டையும் புடுங்கி இன்னொருத்தன்கிட்ட மாத்திட்டாரு. உத்திரமேரூர் சரித்திரத்துலயே நாலு பிரியாணியோட திரும்பின வண்டி எங்க வண்டிதான் அண்ணி!"

முத்துவேல் ஹெல்மெட்டைக் கழற்றி வண்டிக் கண்ணாடியில் மாட்டினார். சுலோச்சனா அருகே போனாள். பட்டை, லவங்க வாசனை. பெட்ரோல் வாசனை. வேறு எதுவும் இல்லை.

அவர் டேங்க் மூடியைத் திறந்தார். "வா, பாரு."

அவள் குனிந்து பார்த்தாள். உள்ளே பெட்ரோல் மினுங்கியது.

"ரெண்டரை லிட்டருக்கு மேல கீது. வண்டி கீது. கடை கீது. நானும் இங்கதான் கீறேன்." மூடியை அழுத்தி மூடினார். "நீ ஒடச்சது மொத்தமா தப்புன்னு சொல்லல சுலோ. மொத பத்து நாளு பெட்ரோலுதான். பதினோராவது நாளு தினேஷு வந்து, 'என் வண்டில வா மாமா, ஓசி'ன்னான். நான் போவல. அந்தப் பத்து நாளு பெட்ரோலு. மிச்சம் அறுவத்தி மூணு நாளு நானு."

"அன்னிக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நம்பியிருப்பியா?"

அவள் யோசித்தாள். பொய் சொல்ல மனம் வரவில்லை. "மாட்டேன்."

அவர் சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரோடு. அங்கிருந்து நகர்ந்தாள். கொட்டகைப் பக்கம் குவித்திருந்த தேங்காயில் நாலைந்தைக் காதருகே ஆட்டிப் பார்த்து, தண்ணீர் தளும்பிய ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"காலைல வெள்ளென போய் ஒடச்சிட்டு வந்துடறேன். இது பெட்ரோலுக்கு இல்ல."

"ரெண்டா எடுத்துகினு போ. பூசாரி சட்னிக்குக் கஷ்டப்படறாரு."

பிரியாணி தட்டுகளுக்கு வந்தது. சாம்சன் தன் வீட்டுக்கு ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்துக்கொண்டான். முத்துவேல் பழைய துணியை நனைத்து, வண்டி விளக்கில் படிந்திருந்த தூசியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"சாம்சா, இருக்கிற பெட்ரோலுக்கு செங்கல்பட்டு போய் வரலாமா?"

"தாராளமா போலாம்ணா. மிச்சமே கீக்கும்."

செங்கல்பட்டில் இருப்பது யார் என்று சாம்சனுக்கும் தெரியும்.

"காலைல போலாம்னு கீறேன்," என்றார் முத்துவேல், விளக்கைப் பார்த்தபடியே. "வான்னு கூப்பட மாட்டேன். ஒரு தபா பாத்துட்டு வந்துடறேன்."

கீர்த்தி போனை எடுத்தாள். 'அண்ணா, நாளைக்குக் காலைல அப்பா உன்ன பாக்க வராரு.'

ஒரு செய்திக்கு நாலு நாள் கழித்துப் பதில் போடுகிறவன் மோகன். இன்று அரை நிமிஷம்கூட ஆகவில்லை. பதில் ஒரே சொல்.

'எதுல?'

கீர்த்தி போனை அம்மாவிடம் நீட்டினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பஸ்ல வராருன்னு போடட்டாம்மா? நேர்ல பாத்துக்கலாம்."

சுலோச்சனா அந்த ஒரு சொல்லையே பார்த்தாள். அதற்குள் ஒரு சாக்கடை இருந்தது. வேனிலிருந்து பாதி இறங்கிய பெண் வீட்டார் இருந்தார்கள். இன்று காலையில் கேட்டிருந்தால் அவளே பஸ் என்று சொல்லியிருப்பாள்.

"வண்டிலன்னு போடு," என்றாள்.

"அம்மா, அவன் கதவே தெறக்காமப் போய்ட்டான்னா?"

"தெறக்கட்டும், தெறக்காம போகட்டும். அவரு எதுல வராரோ அத்த போடு." விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தவர் காதில் விழும்படி குரலை உயர்த்தினாள். "எங்க வூட்டுக்காரரு அவரு வண்டியிலதான் வராருன்னு போடு!"

துணி வைத்த கை ஒரு கணம் நின்றது. பிறகு முன்னைவிட வேகமாகத் துடைத்தது.

கீர்த்தி அனுப்பினாள். இரண்டு டிக்கும் நீலமாகின. பதில் வரவில்லை.

சுலோச்சனா வாசலில் இறங்கி, வண்டியிலிருந்து சாவியைக் கழற்றிக்கொண்டு வந்தாள். வளையத்தில் அந்த அரிசி இன்னும் சிக்கியிருந்தது. அதை எடுத்துக் கோழிக் கூடைப் பக்கம் போட்டுவிட்டு, சாவியை எல்லார் கண்ணிலும் படும்படி ஆணியில் மாட்டினாள்.